வாய்க்கட்டு

தங்கசாமி உயிரை விட்டபோது வீட்டில் இருந்தவர்கள்: கஞ்சிக் கரண்டியும் கையுமாக மகள் மகேஸ்வரி, கோர்ட்டுக்குப் போக வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மகன் நாகேந்திரன், வாசலில் கட்டிக்கிடந்த ஆடு. ஊட்டிய கஞ்சி கடைவாயில் வழிந்தது. துடைத்தாள். மறுபடியும் வழிந்தது. அப்புறம்தான் அவளுக்குப் புரிந்தது.

தம்பி வந்து அய்யாவின் மூக்கில் விரலை வைத்துப் பார்த்தான். அக்கா சத்தம் போடுவதற்குள் அவள் வாயைப் பொத்தினான்.

"யக்கா, அழுதுறாத. இன்னைக்கு மட்டும்."

உச்சிப்புளியில் குடித்துவிட்டுப் போட்ட சண்டையில், புதுமடத்து மீன் வியாபாரி சஃபீரின் கையைக் கம்பியால் அடித்து உடைத்தவன் நாகேந்திரன். ஜெயிலில் போடாமல் நன்னடத்தை ஜாமீனில் விட்ட ராமநாதபுரம் கோர்ட்டு, சஃபீருக்கு மாதாமாதம் நஷ்டஈடு கட்டச் சொல்லியிருந்தது. சில மாதமாகக் கட்டவில்லை. தவணையைக் குறைக்கச் சொல்லி மனுப் போட்டிருந்தான். மனுவில் இருந்த காரணம் ஒன்றே ஒன்று: படுக்கையில் கிடக்கும் தகப்பனின் வைத்தியச் செலவு. இன்றைக்கு உத்தரவு.

"அய்யா போயிட்டாருன்னு தெரிஞ்சா மனு நிக்காது. என்னைய உள்ள தூக்கி வச்சிருவாங்க. மத்தியானம் வந்துருவேன். அப்புறம் ஊரே கூடி அழுவோம்."

"வாயக் கட்டணும்லே. வெறச்சுப் போயிரும்."

"கட்டாதக்கா. சன்னல் வழியா யாராச்சும் எட்டிப் பாத்தா?"

போர்வையை அய்யாவின் நெஞ்சு வரைக்கும் இழுத்துவிட்டான். வெளியே போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினான்.

மகேஸ்வரி கட்டிலோரம் உட்கார்ந்தாள். ஈக்கள் வந்தன. விசிறியால் ஓட்டினாள். கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவி வைத்தாள். மறுபடி வந்து உட்கார்ந்தாள்.

பக்கத்து வீட்டுக் கருத்தம்மாள் சன்னலைத் தட்டினாள். "என்னடி மகேசு, வெளிய பூட்டிக் கெடக்கு?"

"தம்பி மறந்து பூட்டிட்டுப் போயிட்டான் அத்தை."

"நல்லாப் பூட்டுனான். கோர்ட்டுல அவனப் பூட்டாம இருந்தாச் சரி. அண்ணன் கஞ்சி குடிச்சாகளா?"

"குடிச்சாரு."

கருத்தம்மாள் கம்பி வழியாக உள்ளே பார்த்தாள். "வாயத் தொறந்துக்கிட்டே தூங்குறாக பாரு. ஈ கீ போயிரப் போவுது."

"பாத்துக்கிறேன் அத்தை."

நாகேந்திரன் வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பூட்டைத் திறந்து, சாவியோடு நாதாங்கியிலேயே தொங்கவிட்டுவிட்டு உள்ளே வந்தான். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"கொறச்சுட்டாங்கக்கா. பாதிதான் இனி. அப்பா எப்படி இருக்காருன்னு ஜட்ஜய்யா கேட்டாக. படுத்தபடியே இருக்காருங்கன்னேன். பொய்யில்லையே."

"சஃபீரு?"

அவன் சட்டைப் பொத்தானைக் கழற்றினான். "ஒத்துக்கிட்டான். எனக்குக் கொறஞ்சாக் கொறையட்டும், பெரியவர நல்லாப் பாருன்னான்." சட்டையைக் கொடியில் போட்டான். "இப்ப அழு யக்கா."

அவள் அய்யாவின் முகத்தைப் பார்த்தாள். காலையில் நெஞ்சு வரைக்கும் வந்த அழுகை இப்போது எங்கே போனதென்று தெரியவில்லை.

நாகேந்திரன் பழைய வேட்டியில் ஒரு துண்டு கிழித்தான். அய்யாவின் தாடைக்கடியில் கொடுத்து உச்சந்தலையில் இழுத்துக் கட்டினான். தாடை அசையவில்லை. அவிழ்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் இழுத்தான். துணிதான் அறுந்தது.

"யக்கா, மூட மாட்டேங்குது. ஒரு கை புடி."

அவள் எழுந்தாள். "கருத்தம்மா அத்தைக்கிட்டச் சொல்லிட்டு வாரேன்."

"நான் போறேன்க்கா. நீ அய்யாகிட்ட இரு."

"நான் இருந்தாச்சு. நீ இரு."

வெளியே வந்து கதவைச் சாத்தினாள். உள்ளே துணி இன்னொரு தடவை கிழிந்தது. நாதாங்கியை மாட்டி, பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டாள்.