மிளகாய்க்குப் பிறகு ஒரு படி நொய்

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குத்தான் கேவலம். ஒரகடம் கூட்டுரோட்டில் மாவு மில் நடத்திய அக்கா தங்கையிடமிருந்து, அவர்களைக் கேட்காமலே எடுத்தது. 1986இல் டிவிக்கு ஒரு சிரிப்புத் தொடர் எழுதித் தரச் சொன்னார்கள். வாரம் அரைமணி, பதிமூன்று வாரம். தபால் ஆபீசில் முத்திரை குத்திக்கொண்டே நாடகம் எழுதிக்கொண்டிருந்தவனுக்கு அது பெரிய விஷயம்.

“எலியும் பூனையுமா ரெண்டு பொம்பளைங்க, ஒரு கடை. அவ்வளவுதான் சார்” என்றார் தயாரிப்பாளர். கரும்பு தின்னக் கூலியா? அவர்கள் என் தெருமுனையிலேயே மில் நடத்தியவர்கள்.

2

தொடக்கம், முதல் முயற்சி: தாண்டவராயன் மாவு மில்லில் காலை ஏழு மணிக்கு பெல்ட் ஓடத் தொடங்கியபோது பாஞ்சாலி

(விட்டுவிட்டேன். “மெஷின் ஓடினா வசனம் கேக்காது சார், மெஷினே வேணாம்” என்றார் தயாரிப்பாளர். மெஷின் ஓடாத மாவு மில்லைப் பற்றி எழுத நான் ஒப்புக்கொண்டேன்.)

இரண்டாம் முயற்சி: அப்பா தாண்டவராயன் செத்தபின் மில்லை மகள்கள் இருவரும் எடுத்து நடத்தினார்கள். காலையில் அரிசி, மதியத்துக்கு மேல்தான் மிளகாய். மிளகாய் அரைத்தால் உடனே ஒரு படி நொய்யை ஓட்டி மெஷினில் இருக்கும் காரத்தை எடுத்துவிட வேண்டும். இது அப்பா வைத்த விதி. அக்கா பாஞ்சாலிக்கு அது வேதவாக்கு. தங்கை செங்கமலமோ வந்தவர்களிடம் ஊர்வம்பு பேசிக்கொண்டே கேழ்வரகில் கோதுமையைக் கொட்டிவிட்டு, “சத்து ஜாஸ்தி, எட்துகினு போ” என்று அனுப்பிவைப்பாள்.

பன்னிரண்டு வாரம் இப்படியே ஓட்டிவிட்டேன். தயாரிப்பாளர் விழுந்து விழுந்து சிரித்தார்.

3

பதிமூன்றாவது வாரத்துக்கு, நிஜமாக நடந்ததையே வைத்திருந்தேன். அதற்கு இரண்டு வருடம் முன்பு, ஆடிக் கிருத்திகை. வல்லக்கோட்டை முருகனுக்கு மாவிளக்குப் போட எங்கள் ஊர்ப் பெண்கள் பச்சரிசியோடு மில்லில் வரிசை நின்றார்கள். அரைத்தவள் செங்கமலம். வெல்லம் சேர்த்ததும் மாவின் நிறம் தெரியவில்லை. பிரசாதத்தை வாயில் போட்ட குழந்தைகள் ஓவென்று அலறியபோதுதான் மாவில் மிளகாய் இருப்பது தெரிந்தது.

ஊர் செங்கமலத்தைப் பிய்த்துவிட்டது. “நான் இன்னிக்கு மொளகாயத் தொடவே இல்ல. யக்கா, நீயாவது சொல்லேன்” என்று அழுதாள். பாஞ்சாலி வாயைத் திறக்கவில்லை. அடுத்த வாரமே செங்கமலம் சாவியை வைத்துவிட்டு, மறைமலை நகரில் ஒரு கம்பெனி வேலைக்குப் போய்விட்டாள். இருவருக்கும் பேச்சு நின்றது.

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது: “முருகனுக்கே காரம் காட்டிட்டா” என்று அதை ஜோக்காக்கி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான்தான்.)

4

உறுத்தலா, பயமா தெரியவில்லை, பாஞ்சாலியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று போனேன்.

“மொளகா விஷயம் டிவில வருதுக்கா. பேரெல்லாம் மாத்திட்டேன்.”

“பேர மாத்துனா? பஞ்சாயத்து டிவில ஊரே குந்திகினு பாக்கும். இன்னாருன்னு தெரியாதா?” அவள் மெஷினை நிறுத்தினாள். “அதுல மொளகா அரைச்சது யாரு?”

“தங்கச்சிதான்.”

சல்லடையைத் தட்டினாள். திரும்பத் திரும்பத் தட்டினாள்.

“நான்னு போடு.”

எனக்கு விளங்கவில்லை.

“லூர்தம்மா, மவ பிரசவத்துக்குப் போறேன், பஸ்ஸு வந்துரும்னு அன்னிக்கி விடிகாலைல மொளகாயோட வந்து நின்னா. பாவமா இருந்துச்சி. அரைச்சிக் குட்த்தேன். நொய் ஓட்ட மறந்துட்டேன் நடேசா.”

“அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?”

“நான் தப்பு பண்ணுவேன்னு எவனுக்குமே தோணலயே. அப்புறம் வாய் வரல.”

5

“கறாரான அக்கா தப்பு பண்ணா ஜனங்க சிரிக்க மாட்டாங்க” என்றார் தயாரிப்பாளர். ஆகவே இரண்டு முடிவுகள். (அ) தங்கைதான் குற்றவாளி, சிரிப்பு, வணக்கம். (ஆ) அக்கா ஒப்புக்கொள்கிறாள்.

(ஆ)வை ஒரே மூச்சில் எழுதி, ஷிப்ட் முடியும் நேரத்துக்கு மறைமலை நகர் கம்பெனி கேட்டில் போய் நின்றேன். நடந்ததைச் சொல்லி, பக்கத்தைச் செங்கமலத்திடம் நீட்டினேன். அதில் அக்கா பேசுவது இதுதான்:

“நான்தான் அரைச்சேன். நொய் ஓட்ட மறந்துட்டேன். உன்னை ஊரே திட்டும்போது என் நெஞ்சு வெந்துச்சு. என்னை மன்னிச்சுடு. மில்லு ரெண்டு பேருதுதான், வந்துடு.”

இரண்டு தடவை படித்தாள். அழவில்லை. வெட்கத்தோடு சொல்கிறேன், எனக்கு அது ஏமாற்றமாக இருந்தது.

“இதுல அக்கா சொன்னது எது, நீ எழுதுனது எதுண்ணா?”

பக்கத்தை என் கையிலேயே திருப்பித் தந்தாள்.

“மன்னிச்சுடுன்னு கேக்குற ஆளா அவ? அவ வாயால வந்ததுக்கு மட்டும் கீழ கோடு போட்டுக் குடு. அதப் பாத்துட்டு, கம்பெனி பஸ்ஸுல ஏறி ரூமுக்குப் போறதா, உங்கூட ஒரகடம் வர்றதான்னு சொல்றேன்.”

6

பேனாவைத் திறந்தேன். முதல் இரண்டு வாக்கியத்துக்குத் தாராளமாகக் கோடு போடலாம். நெஞ்சு வெந்தது என் கைச்சரக்கு. மன்னிப்பும் என்னுடையது. “மில்லு ரெண்டு பேருதுதான், வந்துடு” என்னுடைய ஆசை. அதன் கீழும் கோட்டை இழுத்துவிட்டால் இன்றைக்கே இருவரையும் சேர்த்துவிடலாம். ஆனால், இவளைப் பற்றி நான் ஏற்கெனவே ஒரு பொய்யை ஊரில் ஓட்டியிருக்கிறேன்.

எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. பாஞ்சாலியிடம் பேசிவிட்டு நான் மில் படியிறங்கும்போது, உள்ளே மெஷின் மறுபடி ஓடியது. திரும்பிப் பார்த்தேன். அன்று முழுக்க மிளகாயே அரைக்காத மெஷினில், பாஞ்சாலி ஒரு படி நொய்யைக் கொட்டி ஓட்டிக்கொண்டிருந்தாள். வசனமில்லாத இடம், மெஷின் சத்தம் வேறு. டிவிக்கு ஆகாது என்று விட்டுவிட்டேன்.

பஸ் ஹாரன் அடிக்கிறது. செங்கமலம் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். அந்த ஒரு படி நொய்யை எழுத, பக்கத்தின் ஓரத்தில் இரண்டு விரல்கடை இடம் இருக்கிறது. நீங்களே எழுதுங்கள், பேனா இந்தாருங்கள்.