கார் கிளம்பும்போது போடும் பாட்டு

அந்தப் பாட்டு மட்டும் வேண்டாம். வேறு எதை வேண்டுமானாலும் போடட்டும். குத்துப்பாட்டு போடட்டும், சாமி பாட்டு போடட்டும், ஓட்டுக் கேட்க வருகிறவர்கள் போடுகிற பாட்டைக்கூடப் போடட்டும். என் மகள் காரில் ஏறும்போது அதை மட்டும் போடக்கூடாது.

இதை இசக்கிசெல்வி வாய்விட்டுச் சொல்லவில்லை. அடுப்படியில் காப்பித் தம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டே மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். முன்னறையில் மைக் செட் மன்சூர் அலி சம்மணம் போட்டு உட்கார்ந்து போனில் பாட்டுப் பட்டியலைத் தட்டிக்கொண்டிருந்தான். மகள் சங்கரகோமதியின் கல்யாணத்துக்கு இன்னும் நான்கு நாள்தான் இருந்தது. சங்கரன்கோவிலில் எந்த மண்டபத்தில் விசேஷம் என்றாலும் மன்சூர் அலி முன்கூட்டியே வீட்டுக்கு வந்து கேட்டுக்கொண்டு போவான். ஆட்கள் வரும்போது வரவேற்பு நாயனம், பந்தி நேரத்துக்கு ஒரு வகை, மொய் எழுதும்போது ஒரு வகை. கடைசியாக, பெண்ணை வழியனுப்பும்போது ஒரு பாட்டு. அது முடிகிறவரை காரை நகர்த்தக்கூடாது என்பது இந்தப் பக்கத்தில் எப்படியோ வழக்கமாகிவிட்டது. வாடகைக் கார் டிரைவர்களுக்குக்கூடத் தெரியும். வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டுக் காத்திருப்பார்கள்.

"கடேசிப் பாட்டையும் சொல்லிட்டா நான் கிளம்பிருவேன் அண்ணாச்சி" என்றான் மன்சூர் அலி.

அவன் கேட்டது அவளுடைய அண்ணன் வீரபாண்டியிடம். காலை பஸ்ஸில் பனவடலிசத்திரத்திலிருந்து வந்திருந்தார். மைக் செட் தாய்மாமன் செய்யும் சீர். அதனால் பாட்டும் அவர் பொறுப்பு என்று ஆகியிருந்தது.

"இதுல கேக்கதுக்கு என்னவே இருக்கு? எங்க செல்விக்குப் போட்ட அதே பாட்டுதான். அண்ணன் தங்கச்சி பாட்டு" என்றார் வீரபாண்டி. முதல் வரியை மெல்ல முனகவும் செய்தார். முனகும்போதே அவர் கண் கலங்கியது.

பழைய சினிமாப் பாட்டு அது. அண்ணன்காரன் பாடுவான். இனி அந்த வீடுதான் உன் வீடு, இந்த வாசலுக்கு நீ விருந்தாளி, அங்கே எது வந்தாலும் பொறுத்துக்கொள் தாயே என்று மூன்று சரணம். நடுவில் ஒரு புல்லாங்குழல்.

"நம்ம கல்யாணத்துல போட்டதுல்லா மச்சான்? அருமையான பாட்டு" என்று நாற்காலியில் இருந்தபடி துரைப்பாண்டி சொன்னார். அவள் புருஷன். சர்க்கரையில் இரண்டு விரல் எடுத்த காலை ஸ்டூல்மேல் நீட்டி வைத்திருந்தார்.

இசக்கிசெல்வி காப்பித் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். "அந்தப் பாட்டு வேண்டாம்ண்ணே" என்றாள்.

"பின்ன எந்தப் பாட்டப் போடச் சொல்லுத?" என்றார் வீரபாண்டி.

அவள் அதுவரை யோசித்திருக்கவில்லை. ஆனால் வாய் தயாராக இருந்தது. "காலையில வரவேற்புக்குப் போடுத நாயனத்தையே போகும்போதும் போடட்டும்."

மன்சூர் அலி சிரித்துவிட்டான். "யக்கா, அத மத்தியானம் போட்டா இன்னும் ஆளு வருதுன்னு நெனச்சு சமையக்காரவ திருப்பி எலய விரிச்சிருவாவ."

"விரிக்கட்டும்."

"ஏட்டி, கிறுக்குப் புடிச்சிட்டா ஒனக்கு?" என்று வீரபாண்டியும் சிரித்தார். "போற பிள்ளைக்கு வரவேற்பு மேளமா? ஊர்ல கேட்டா கைகொட்டிச் சிரிப்பான். நீ எழுதிக்கவே, நான் சொன்னத."

மன்சூர் அலி ஒருமுறை அவளைப் பார்த்தான். பிறகு போனில் குறித்துக்கொண்டான்.

அண்ணன் கெட்டவர் இல்லை. அதுதான் சிக்கல். கெட்டவராக இருந்திருந்தால் அவள் எப்போதோ சண்டை போட்டிருப்பாள்.

கல்யாணமாகி நான்காவது மாதம் ஒரு நாள் அவள் முதல் பஸ்ஸைப் பிடித்து அண்ணன் வீட்டுக்குப் போனாள். இடது காது வீங்கியிருந்தது. அந்தப் பக்கம் யார் பேசினாலும் தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுவதுபோலக் கேட்டது. வீரபாண்டி எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதைத்தான் அவர் அன்பு என்று நினைத்தார். கோழி அடித்தார். மதினி தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டாள். மத்தியானம், தங்கச்சி மனசு மாறட்டும் என்று எதிர்வீட்டு வீடியோ டெக்கை வாங்கிவந்து கல்யாண கேசட்டைப் போட்டார். தெருவே வந்து உட்கார்ந்தது. என் சேலையைப் பாரு, உன் மீசையைப் பாரு என்று ஒரே சிரிப்பு. அவளும் சிரித்தாள். பிறகு காரில் ஏறுகிற இடம் வந்தது. அந்தப் பாட்டு வந்தது. டிவிக்குள் அண்ணன் அழுதார். டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அண்ணனும் அழுதார். எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள்.

பாட்டு முடிந்ததும் மதினி எழுந்துபோய் அவளுடைய பையை எடுத்துவைத்தாள். சாயங்கால பஸ்ஸில் ஒரு சீப்புப் பழத்தோடு அண்ணனே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். யாரும் அவளைப் போ என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது தடவைக்கு டெக் தேவைப்படவில்லை. அண்ணன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே அதை முனகினார், அவ்வளவுதான். மூன்றாவது தடவை அவள் கோமதியை இடுப்பில் வைத்துக்கொண்டு போயிருந்தாள். மதினி குழந்தைக்கு அந்தப் பாட்டைத் தாலாட்டாகப் பாடினாள். நான்காவது தடவை பனவடலிசத்திரம் நிறுத்தத்தில் இறங்கியவள், ஊருக்குள் போகவே இல்லை. எதிர்ப்பக்கம் போய் நின்று, வந்த பஸ்ஸில் ஏறித் திரும்பிவிட்டாள். பாட்டு அவளுக்குள்ளேயே ஓடி முடிந்துவிட்டிருந்தது.

அதற்குப் பிறகு அவள் விசைத்தறிக் கூடத்துக்கு நூல் சுற்றும் வேலைக்குப் போனாள். இடது காது தறிச் சத்தத்தில் போனது என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் டாக்டரிடம் அப்படித்தான் சொன்னாள். சொல்லிச் சொல்லி, சில நாட்களில் அவளுக்கே அது உண்மைபோலத் தோன்றும். துரைப்பாண்டி குடியை விட்டு ஒன்பது வருஷமாகிறது. இப்போது மாத்திரைக்கும் தண்ணீருக்கும் அவளைத்தான் கூப்பிடுகிறார், சில நேரம் கெஞ்சலாகவும் கூப்பிடுகிறார். அருமையான பாட்டு என்று அவர் சொன்னபோது அவள் அவர் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். நடிப்பு இல்லை. அவருக்கு ஒன்றும் நினைவில்லை. மன்னிப்புக் கேட்டிருந்தால் மன்னிப்பதா வேண்டாமா என்று அவள் தீர்மானித்திருக்கலாம். மறந்துவிட்ட மனிதரை என்ன செய்வது?

மறுநாள் தையல் கடையிலிருந்து வந்த ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்துக்கொண்டே கோமதி கேட்டாள். "மாமா பாவம்மா. ஆசைப்படுதாரு. ஒத்தப் பாட்டுக்குப் போயி என்னத்துக்கு மல்லுக்கு நிக்க?"

"கையத் தூக்கு. கக்கத்துல புடிக்கா பாரு."

"புடிக்கல. நீ பேச்ச மாத்தாத. வீடியோக்கார அண்ணன் வேற கார்ல ஏறும்போது கண்டிப்பா அழணுங்காரு. அந்தப் பாட்டப் போட்டாத்தான் எனக்கு அழுக வரும். இல்லன்னா பல்லக் காட்டிட்டு நிப்பேன்."

"நில்லேன். அழகாத்தான் இருக்கும்."

கோமதி சிரித்தாள். ராஜபாளையத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். சிவகிரி மாப்பிள்ளை மாரிச்செல்வம் அங்கே மாத்திரை வாங்க வந்து வந்துதான் இது கல்யாணம் வரை வந்தது. நல்ல பையன். சொந்தமாக உரக்கடை வைத்திருக்கிறான். அவன்மேல் இசக்கிசெல்விக்கு ஒரு சந்தேகமும் இல்லை. துரைப்பாண்டியையும் நல்ல பையன் என்றுதான் சொன்னார்கள். அதை நினைத்த உடனே அந்த நினைப்பை அவள் தள்ளிவிட்டாள். அந்தப் பையனுக்கு அநியாயம் செய்வதுபோல இருந்தது. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால், பஸ் நிறுத்தத்தில் இறங்கி நிற்கிற மகளுடைய காலுக்கு எந்தப் பக்கம் நடப்பது என்பதில் தயக்கம் வரக்கூடாது.

"யம்மா, நீ எப்பவாச்சும் கோவிச்சுட்டு மாமா வீட்டுக்குப் போயிருக்கியா?" என்றாள் கோமதி, கொக்கியை மாட்டிக்கொண்டே.

"நாலு தடவ."

"நாலு தடவையா? சொல்லவே இல்ல. போயி?"

"பாட்டுப் போட்டாவ."

கோமதி மறுபடி சிரிக்கப் பார்த்தாள். அம்மா முகத்தைக் கண்ணாடியில் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. எதற்குப் போனாய் என்று கேட்பாள் என்று இசக்கிசெல்வி பயந்தாள். கேட்டிருந்தால் வெளியே நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிற மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும். கோமதி கேட்கவில்லை. ஜாக்கெட்டைக் கழற்றி, நிதானமாக மடித்து வைத்தாள். மடித்ததையே மறுபடி பிரித்து மடித்தாள்.

கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. மூன்று மணிக்குக் கார் மண்டப வாசலுக்கு வந்தது. பூத் தொங்கவிட்ட வெள்ளைக் கார். மாரிச்செல்வம் முதலில் ஏறி உட்கார்ந்துவிட்டு, இது சரியா என்பதுபோல மறுபடி இறங்கி நின்றான். அவன் தோழர்கள் கேலி செய்தார்கள். வீரபாண்டி கோமதியின் கையைப் பிடித்துப் படி இறக்கிக் கூட்டிவந்தார். வேட்டி நுனி தரையில் புரள்வதுகூட அவருக்குத் தெரியவில்லை.

ஸ்பீக்கரில் பாட்டு ஆரம்பித்தது.

இசக்கிசெல்வி ஆரத்தித் தட்டைப் பக்கத்தில் நின்ற நாத்தனார் கையில் கொடுத்தாள். வாசல் ஓரத்தில் மேஜை போட்டு லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த மன்சூர் அலியிடம் நடந்தாள். ஓடவில்லை. இருபது அடி இருக்கும். அந்த இருபது அடிக்குள் முதல் இரண்டு வரி முடிந்துவிட்டது. இவ்வளவு வருஷத்துக்குப் பிறகும் அந்த வரிகளுக்குக் கால் தானாக மெதுவாவதை அவள் கவனித்தாள். உடம்பு இன்னும் அதற்குக் கீழ்ப்படிகிறது. அந்தக் கீழ்ப்படிதல்மேல்தான் அவளுக்குக் கோபம் வந்தது, வேறு யார்மேலும் இல்லை.

"நிறுத்து மன்சூரு."

"யக்கா, அண்ணாச்சிதான்..."

"நிறுத்து."

நின்றது. சட்டென்று ஊர்ச் சத்தம் எல்லாம் உள்ளே வந்தது. பஸ் ஹாரன், சமையல்கட்டில் அண்டா கழுவுகிற சத்தம், யாரோ ஒரு குழந்தை ஐஸ்கிரீம் கேட்டு அழுவது. வீடியோக்காரன் கேமராவை இறக்கி, "யாருங்க அது ஆஃப் பண்ணது? ஷாட் போயிட்டு இருக்குல்லா!" என்று கத்தினான்.

வீரபாண்டி கோமதியின் கையை விட்டுவிட்டு வந்தார். "கரண்ட் போயிட்டா?"

"நான்தான் நிறுத்தச் சொன்னேன்ணே."

அவர் சுற்றிலும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "என்னட்டி இது? சம்பந்தக்காரவ எல்லாரும் பாக்காவ. எம்மேல ஒனக்கு என்ன கோவம்? இருவத்தஞ்சு வருசத்துல நான் ஒனக்கு என்ன கொற வச்சேன்?"

"ஒரு கொறையும் வைக்கல."

"பின்ன என்ன?"

"இதக் கேட்டுட்டுப் போனா அவ திரும்பி வரமாட்டா."

வீரபாண்டிக்குப் புரியவில்லை. கள்ளமில்லாத முகத்தோடு அவளைப் பார்த்தார். "திரும்பி வராம அங்கனயே நல்லா இருக்கட்டும்னுதானட்டி இதப் போடுதோம்?"

இவ்வளவு நாளாக எப்படிச் சொல்வது, எதிலிருந்து தொடங்குவது என்று அவள் தடுமாறிக்கொண்டிருந்தாள். காதைப் பற்றிச் சொல்வதா, டெக்கைப் பற்றியா, கோழிக்கறியைப் பற்றியா? அண்ணனோ அத்தனையையும் ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டார். அவருக்கு அது தெரியவும் இல்லை. அவள்மீது இருந்த ஏதோ ஒரு கனம் இறங்கியது. இனி இவருக்குப் புரிய வைக்க வேண்டிய அவசியம் இல்லை என்று தோன்றியது. புரியாமலே இருக்கட்டும். புரியாதவரிடமும் மறுக்க முடியும்.

காருக்குப் பக்கத்தில் கோமதி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. உள்ளே உட்காரச் சொல்லி யாரோ தோளைத் தொட்டபோது அசையாமல், அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூணில் சாய்ந்து நின்ற துரைப்பாண்டி, "என்னவாம்? என்னவாம்?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார்.

வீரபாண்டி தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டார். வாழ்நாளில் அவர் அவளிடம் எதையும் கேட்டதில்லை. கொடுத்துத்தான் பழக்கம்.

"எனக்காவட்டி. நீயே ஒன் வாயால போடச் சொல்லிரு. ரெண்டு நிமிசம்தான். எல்லாரும் நிக்காவ பாரு."

மன்சூர் அலி விரலை லேப்டாப்மேல் வைத்தபடி அவளைப் பார்த்தான்.

"வேண்டாம்ண்ணே" என்றாள் இசக்கிசெல்வி. குரலை உயர்த்தவில்லை. அவர் பிடியிலிருந்து கையை உருவிக்கொள்ளவும் இல்லை.