குலுங்கி வந்தது

நாலு மாடியையும் படியிலேயே ஏறி வந்திருக்கிறார் என்பது அவர் மூச்சிலேயே தெரிந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. மார்போடு அணைத்திருந்த நீல டப்பா மட்டும் அசையவில்லை.

"லிஃப்டுக்கு என்னண்ணே ஆச்சு?" என்றாள் ஆய்வகக்காரி.

"அதுக்கு ஒண்ணும் ஆகல தங்கச்சி. நிக்கும்போது ஒரு உதறு உதறுது பாரு, அதான் வேணாம்னு வந்துட்டேன். போன தடவ அதுலதான் குலுங்கிடுச்சோ என்னமோ."

அவள் டப்பாவை வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் அவருக்குக் 'கண்ணாடி' என்று பெயர். கண் நன்றாகத்தான் தெரியும். இங்கே எடுபிடி வேலைக்கு வருமுன் இருபது வருடம் கிடங்கில் ஆளுயரக் கண்ணாடிகளைத் தூக்கியவர். இரத்தம் நிரப்பிய கண்ணாடிக் குழாய்களோடு அவர் நடக்கும் நடையைப் பார்த்து, "கண்ணாடி கிளம்பிட்டாரு, சாயங்காலத்துக்குள்ள வந்துடுவாரு" என்று கேலி பேசுவார்கள். "சீக்கிரமா வேணும்னா நீங்களே ஓடுங்க. முழுசா வேணும்னா என்கிட்ட குடுங்க" என்பார் அவர்.

அப்படிப்பட்ட மனிதர்மேல்தான் போன வாரம் அவள் பழி போட்டாள்.

தையல்காரப் பெண் ஒருத்தியின் இடுப்பெலும்பில் ஊசி இறக்கி உறிஞ்சிய மஜ்ஜை அது. நோய் என்னவென்று பார்க்க, அதிலிருந்து வேண்டிய வெள்ளையணுக்களைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஆய்வகக்காரிக்கு அது தண்ணீர் பட்ட பாடு. குழாயின் அடியில் கனமான, தெளிந்த திரவம். அதன்மேல் மஜ்ஜையைக் குழாயின் சுவரோடு சொட்டுச் சொட்டாக, கலக்காமல் வழியவிட வேண்டும். பிறகு எந்திரத்தில் அரை மணி நேரச் சுழற்சி. கனத்த சிவப்பணுக்கள் அடிக்குப் போய்விடும். லேசானவை நடுவில் வெள்ளை மூட்டமாக நிற்கும். அதைத்தான் உறிஞ்சி எடுக்க வேண்டும். சுற்றி முடித்த எந்திரம் தானாக ஓய்ந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். பிரேக் பிடித்து நிறுத்தினால் பிரிந்தது கலங்கிவிடும். "மத்ததெல்லாம் அப்புறம், முதல்ல பிரேக்க சைபர்ல வை" என்று புதியவர்களுக்கு ஓயாமல் சொல்லுகிறவளும் அவள்தான்.

அன்று அவள் வைக்கவில்லை. யாரோ சிறுநீர் நிரப்பிய குழாய்களைச் சுற்றவிட்டு, பிரேக்கை உச்சமான ஒன்பதிலேயே விட்டுப் போயிருந்தார்கள். இவள் பக்கத்து மேஜைக்காரியோடு வம்பு பேசிக்கொண்டே பொத்தானை அழுத்தினாள். அரை மணி கழித்து எந்திரம் வெடுக்கென்று நின்றது. எடுத்துப் பார்த்தால் செம்மண் தண்ணீர் மாதிரி ஒரே கலங்கல். கலக்கி மறுபடி சுற்றினாள். தேறவில்லை.

பெரிய டாக்டர் வந்து "என்னம்மா இது?" என்றார்.

"வரும்போதே குலுங்கி வந்திருக்கு சார்."

வாய் அவளைக் கேட்காமல் சொல்லிவிட்டது. ஆனால் பதிவேட்டில் அதையே எழுதியது அவள் கை, நிதானமாக, நல்ல கையெழுத்தில்.

கண்ணாடியைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் நிற்கவைத்தார்கள். இன்னொரு தடவை இப்படி ஆனால் அழுக்குத் துணி வண்டி தள்ளப் போக வேண்டியதுதான் என்றார் டாக்டர். "ஒருவேளை ஆட்டிட்டேன் போல சார்" என்றார் அவர். அவள் அப்பா மூட்டை தூக்கியவர். எது உடைந்தாலும் சுமந்தவன் தலையில்தான் விடியும் என்பதைச் சோற்றோடு சேர்த்துக் கேட்டு வளர்ந்தவள் அவள். தெரிந்துதான் குனிந்துகொண்டு நின்றாள்.

இன்று பிரேக்கைச் சைபரில் வைத்தாள். இரண்டு தடவை பார்த்தாள். எந்திரம் சுற்றத் தொடங்கியது. கண்ணாடி போகவில்லை.

"கொஞ்சம் நின்னு பார்க்கட்டுமா? நல்லபடியா வந்திருக்குன்னு தெரிஞ்சா நிம்மதி."

"உட்காருங்கண்ணே."

"தினமும் காலையில டம்ளர் நிறைய தண்ணி புடிச்சுக்கிட்டு நின்னு பார்க்கிறேன், கை நடுங்குதான்னு. உங்க அண்ணி சிரிக்கிறா. கண்ணாடிக்குக் கீறல் விழுந்துடுச்சான்னு கேக்குறா." அவரும் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "காலையில அந்தப் பொண்ணுக்குத் திரும்ப ஊசி போடும்போது நான்தான் காலப் புடிச்சுக்கிட்டேன். ஏண்ணே மறுபடியும்னு என்னையே கேட்டுச்சு. நான்தாம்மா ஆட்டிட்டேன்னு சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

"அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்குச்சு."

அவளுக்குக் காது மடல் வரை எரிந்தது. குழாய்களை அடுக்கினாள், அடுக்கியதையே கலைத்து மறுபடி அடுக்கினாள்.

நேரம் முடிந்தது. எந்திரத்தின் சத்தம் இறங்கிக்கொண்டே போனது. நிற்கவில்லை. அவர் காதைக் கொடுத்துக் கேட்டார்.

"என்ன தங்கச்சி, இது நிக்கவே மாட்டேங்குது? அன்னிக்குக் காலி டப்பாவுக்காக வாசல்ல நின்னேன். டக்குனு நின்னுச்சே."

'அன்னிக்கு ஓடினது வேற வேலைக்குண்ணே.' பதில் நாக்கில் தயாராக இருந்தது. போன தடவையும் இப்படித்தான் தயாராக இருந்தது.

"பிரேக் போட்டா கலங்கிடும்ண்ணே. அதான் போடல."

"அன்னிக்கு?"

"அன்னிக்குப் போட்டுட்டேன்."

அவர் அவளைப் பார்க்கவில்லை. தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ நான் ஆட்டல."

"இல்லண்ணே. நீங்க கொண்டு வந்தது நல்லாத்தான் இருந்துச்சு."

எந்திரம் ஓய்ந்தது. மேலே மஞ்சள், அடியில் சிவப்பு, நடுவே வெள்ளை மூட்டம் பிசிறில்லாமல் நின்றது. அவள் அதை உறிஞ்சி எடுத்து வைத்தாள். பிறகு டாக்டர் தினமும் பார்க்கிற பதிவேட்டை எடுத்து, போன வாரப் பக்கத்தில் 'குலுங்கி வந்தது' என்பதை அடித்து, 'பிரேக் போட்டது என் தவறு' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். அவர் பக்கம் திருப்பி வைத்தாள். அவர் ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தார்.

"டாக்டர் படிப்பாரு, சரி. அந்தப் பொண்ணு இதையெல்லாம் படிக்காது. நான் போய் மாத்திச் சொன்னா, தப்பிக்கப் பார்க்கிறான்னுதான் நினைக்கும்." காலி டப்பாவைக் கையில் எடுத்தார். "கீழ வார்டு, மூணாவது கட்டில். நீங்களே வந்து சொல்லிடுங்க, மேடம்."

மூன்று வருடமாகத் தங்கச்சிதான். 'நீ'தான்.

அவர் லிஃப்டுக்குப் போனார். உள்ளே ஏறி, மூடப் பார்த்த கதவைக் கையால் தடுத்துப் பிடித்துக்கொண்டு, அவள் வருகிறவரை நின்றார்.