வாரி மறைத்த மேடுகள்

ஒரு எலி இனம் அழிந்துகொண்டிருக்கிறதா இல்லையா என்று முடிவு செய்வது கேட்பதற்குப் பெரிய உத்தியோகம். செய்வதென்னவோ குனிந்தபடி மண்ணைப் பார்க்கும் வேலைதான். கேரின் ஹால்வர்சன் அந்தக் கோடை முழுவதும் டெனிசன் புல்வெளியில் அப்படித்தான் நடந்தாள். பிடரி வெந்து சிவந்துபோயிருந்தது. யாரைக் கண்டாலும் முகத்துக்கு முன்னால் அவர்கள் நிற்கும் தரையைப் பார்க்கும் பழக்கம் வந்திருந்தது.

அவள் தேடியது கோஃபரை. கன்னத்தில் இரண்டு பை வைத்துக்கொண்டு, கடித்த வேரை அதில் அடைத்துக்கொண்டு, மண்ணுக்குள் பிறந்து மண்ணுக்குள்ளேயே சாகும் எலி. அதை நேரில் பார்த்த மனிதர்களைவிடப் பார்த்த பூனைகள் அதிகம். அதனால் எலியை எண்ணுவதில்லை. அது வெளியே தள்ளும் மண்ணைத்தான் எண்ணுவார்கள். அதிலும் ஒரு சிக்கல், அதே புல்வெளியில் அகழெலியும் மண் தள்ளும். அகழெலியின் மேடு குவித்து வைத்த அரிசி போல வட்டமாக, நடுவில் துளையோடு இருக்கும். கோஃபரின் மேடு முறம் போல ஒரு பக்கமாக விரிந்து, ஓரத்தில் மண் அடைத்த வாசலோடு இருக்கும். இந்த வித்தியாசத்தை அவள் கல்யாணமான புதிதிலேயே தன் கணவன் வேடுக்கும் சொல்லிக்கொடுத்திருந்தாள். புதிதாகக் கல்யாணமானவர்களுக்குப் பேச வேறு விஷயமா இல்லை? ஆனாலும் அவள் பேசியது அதைத்தான்.

அந்த எலிக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தால் என்ன ஆகும் என்பது அந்தப் பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். கோஃபர் மேடு இருக்கும் மனையில் வீடு கட்ட முடியாது. கட்டியே தீருவேன் என்றால் வேறெங்காவது புல்வெளி வாங்கி எலிக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். தனக்கே ஒரு மனையைத் தேடிப்பிடிக்க மூச்சு முட்டியவன் எலிக்கு எங்கே போய் வாங்குவான்? ஆகவே கேரின் மளிகைக் கடைக்குள் நுழைந்தால் பேச்சு சட்டென்று நின்றுவிடும். பக்கத்து மனைக்காரன் டார்ரெல் மட்டும் நிறுத்த மாட்டான்.

“எங்க தோட்டத்துல எலியெல்லாம் கிடையாது தாயே. மண்ணத் தோண்டிக்கிட்டே இருக்கறது என் மாமியார்தான். வேணும்னா அவங்கள எண்ணிக்கோ.”

“உங்க மாமியாருக்குச் சட்டப் பாதுகாப்பு வேணுமா?”

“அவங்களுக்கு எதுக்கு? எனக்குத்தான் வேணும்.”

கேரினுக்கும் மனை இருந்தது. அதன் ஒரு மூலையில், சக்கரத்தின் மேல் நிற்கும் டிரெய்லர் வீட்டில்தான் அவளும் வேடும் குடியிருந்தார்கள். வேட் தச்சன். ஊரில் பாதி வீடுகளுக்கு மரத்தால் எலும்புக்கூடு நிறுத்தியவன். அவன் சொந்த வீட்டுக்கான மரமோ, கட்டப் பணம் சேராமல், தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. டிரெய்லர் கூரை ஒழுகும். இலையுதிர் காலத்தில் தொடங்கும் மழை அந்தப் பக்கத்தில் லேசில் விடாது. கட்டில் காலடியில் ஒரு வாளி, ஜன்னலோரம் ஒரு வாளி. வீடு எழும்பிய பிறகு பிள்ளை பெற்றுக்கொள்ளலாம் என்று ஆரம்பத்தில் பேசி வைத்திருந்தார்கள். இப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. அதைப் பற்றி அவர்கள் பேசுவதை நிறுத்தியிருந்தார்கள், நினைப்பதை நிறுத்தவில்லை.

இந்த வேலையில் சேரும்போதே அவள் தன் மனையைப் பற்றி வனவிலங்கு அலுவலகத்தில் சொல்லியிருந்தாள். அப்போது அங்கே அகழெலி மட்டும்தான். வேறொருவர் வந்து பார்த்து உறுதியும் செய்தார். ஆகவே எலிக்குப் பாதுகாப்பு வந்தாலும் அவள் வீட்டுக்குப் பாதகமில்லை. அது அவளுக்கு நிம்மதியாகவும் இருந்தது, அந்த நிம்மதி கொஞ்சம் உறுத்தவும் செய்தது. ஊரார் மனையெல்லாம் மாட்டிக்கொள்ள, தன் மனை மட்டும் தப்பிக்கிறதே என்று.

கோடையின் முடிவில் கணக்கு வந்தபோது அலுவலகமே அதைத் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்தது. வேலி போட்ட பழைய விமானத் தளத்தில் கோஃபர் மேடுகள் எப்போதும் போல இருந்தன. தனியார் மனைகளில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. முந்தைய கணக்கில் நிறைய இருந்த இடங்கள் அவை.

“வீடு கட்டிக் கட்டியே முடிச்சுட்டாங்க,” என்றாள் லினெட் ஒகாடா. அந்த அலுவலகத்தின் தலைவி. தலை நரைத்தும் குரல் நரைக்காதவள். “விமானத் தளம் மட்டும்தான் மிச்சம். அதுவும் போச்சுன்னா கதை முடிஞ்சுது. பாதுகாப்பு தேவைன்னு எழுதிடலாம், கேரின்?”

“எழுதிடலாம்,” என்றாள் கேரின். வேறு என்ன சொல்வது? மண் சொன்னதைத்தான் அவளும் சொன்னாள்.

சில நாட்கள் கழித்து, மலைப்பக்கம் காடு பற்றி எரிந்த புகை புல்வெளி வரை இறங்கியது. வெளிவேலை வேண்டாம் என்று எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். கேரின் வழக்கத்தைவிட வெகு சீக்கிரம் வீடு திரும்பினாள். டிரெய்லருக்குள் போகாமல், கால் போன போக்கில் பின்பக்கம் நடந்தாள். பார்த்துப் பார்த்து அலுத்த கண், சொந்த மனையில் சும்மா இருக்குமா?

அகழெலி மேடுகள் வரிசையாக, ஒரு குறையுமில்லாமல் நின்றன. அவற்றுக்கு நடுவே தரை மழமழவென்று இருந்தது. குனிந்து பார்த்தாள். மண்ணில் இரும்புப் பற்கள் இழுத்த கோடுகள். விரலை விட்டு அழுத்தினாள். ஓரிடத்தில் மண் பொதுக்கென்று உள்ளே போனது. அடைத்த வாசல். இன்னும் சில அடி தள்ளி இன்னொன்று. சமையலறைக்கென்று வேட் முளை அடித்திருந்த இடத்தில் மூன்று.

வேட் காபிக் கோப்பையோடு வெளியே வந்தான். அவளைப் பார்த்ததும் அப்படியே நின்றான்.

“எப்பலேர்ந்து?” என்றாள்.

“எது எப்பலேர்ந்து?”

“நடிக்காத வேட். உனக்கு அது வராது.”

அவன் கோப்பையைப் படியில் வைத்தான். “வசந்தத்துல ஆரம்பிச்சுது. மொதல்ல ஒண்ணு ரெண்டு. இப்பல்லாம் தினம் காலைல, நீ கிளம்பினதும் வாரிவிட்டுடுவேன்.”

“அகழெலி மேட்ட மட்டும் விட்டு வச்சிருக்க.”

“எல்லாத்தையும் வாரினா சந்தேகம் வருமே. எது எதுன்னு நீதானே சொல்லிக்குடுத்த.”

சிரிப்பு வந்தது அவளுக்கு. அலுவலகத்திலேயே அவளைப் போல மண் படிப்பவர் கிடையாது என்று பெயர். தன் படுக்கையிலிருந்து இருபதடி தூரத்து மண்ணை அவள் படிக்கவில்லை.

“டார்ரெலும் வாரறானா?”

“யாரு வாரலன்னு கேளு. ஊர்க் கடைல மண்ணு வாரற பல்லு வாரியெல்லாம் தீந்துபோய் ரெண்டு தடவ வரவழைச்சுட்டாங்க. சர்ச்சு சாப்பாட்டுல இதான் பேச்சே. நீ வந்து உக்காந்ததும் உருளைக்கிழங்கப் பத்திப் பேச ஆரம்பிச்சுடுவாங்க.”

அப்போதுதான் அவளுக்கு முழுதும் உறைத்தது. எலி அழியவில்லை. எலிக்குச் சட்டம் வந்துவிடுமோ என்ற பயத்தில் ஊரே மண்ணை வாரி மறைத்திருக்கிறது. மறைத்ததால் எண்ணிக்கை விழுந்தது. எண்ணிக்கை விழுந்ததால் சட்டம் வருகிறது. எந்தப் பேய்க்குப் பயந்தார்களோ அந்தப் பேய்க்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தது இவர்கள்தான்.

அவள் இதைச் சொன்னதும் வேடின் முகம் மலர்ந்துவிட்டது.

“அப்போ போய்ச் சொல்லிடு. எலி நிறைய இருக்குன்னு ஆகும். சட்டம் வராது. வீடு கட்டலாம். உண்மையச் சொன்ன மாதிரியும் ஆச்சு. இதுல உனக்கு என்ன கஷ்டம்?”

“அதான் கஷ்டம்.”

“புரியல.”

“நஷ்டம் வர்ற உண்மையச் சொன்னா எல்லாரும் நம்புவாங்க. எனக்கு வீடு குடுக்கற உண்மைய நானே போய்ச் சொன்னா யாரு நம்புவா? எனக்கே நம்பிக்கை வரல. நாளைக்கு நிஜமாவே அந்த எலி இல்லாமப் போனா, என் சமையலறைக்காகத்தான் சொன்னேன்னு எனக்கே தோணும்.”

“சரி, சொல்லாத.”

“சொல்லலன்னா பொய்க் கணக்குக்குக் கீழ என் கையெழுத்து இருக்கும்.”

வேட் டிரெய்லர் கூரையைப் பார்த்தான். “மழை இதெல்லாம் பாத்துட்டா ஒழுகுது, கேரி?” என்றான். கோபத்தில் சொல்லவில்லை. அதனால்தான் அவளுக்கு அதிகம் வலித்தது.

மறுநாள் அவள் லினெட்டின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். வாரியவர்களில் தன் கணவனும் ஒருவன் என்பதையும் சொன்னாள். டார்ரெல் பெயரையோ வேறு யார் பெயரையோ சொல்லவில்லை. அது அவர்கள் சொல்ல வேண்டியது.

லினெட் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். “எழுதி முடிச்சுட்டு நிம்மதியா இருந்தேன். வயித்துல புளியக் கரைச்சுட்டியே.”

“இதுலேர்ந்து நான் விலகிக்கறேன், லினெட். முடிவு சொல்ற யோக்கியதை எனக்கு இல்ல.”

“இல்லதான். ஆனா நீ சொன்னத வச்சுத்தான் இனிமே எல்லாத்தையும் மறுபடி பாக்கணும். வேற ஊர்லேர்ந்து ஆள் வரவழைக்கிறேன். மேட்டத் தேட வேண்டாம், வாரின கோட்டத் தேடுங்கன்னு சொல்றேன்.”

வந்தவர்கள் கேரினின் மனைக்கும் வந்தார்கள். அவள் டிரெய்லருக்குள் உட்கார்ந்திருந்தாள். வெளியே வேட் அவர்களை அழைத்துக்கொண்டு நடந்தான். “இங்க ஒண்ணு. இது படுக்கையறை வர்ற இடம், இங்க ஒண்ணு,” என்று அவன் காட்டிக்கொண்டே போனது உள்ளே கேட்டது. வீட்டைச் சுற்றிக் காட்டும் சொந்தக்காரனைப் போலத்தான் இருந்தது குரல். யாரும் கேட்காமல் அவன் இதைச் செய்கிறான் என்பது அவளுக்குப் பெருமையாக இருந்தது.

ஊரில் செய்தி பரவியது. டார்ரெல் அவளைக் கண்டால் இப்போது வானத்தைப் பார்த்தான். மாமியார் பேச்சும் நின்றுபோனது.

முடிவு வந்தபோது மழைக்காலம் பாதி தாண்டியிருந்தது. லினெட் தொலைபேசியில் சொல்லாமல் நேரிலேயே வந்தாள். கட்டில் காலடி வாளியைத் தாண்டி வந்து, இருந்த ஒரே நல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“பாதுகாப்பு குடுத்தாச்சு,” என்றாள்.

வேட் நிமிர்ந்தான். “எலி அவ்ளோ கம்மியாவா இருக்கு?”

“இல்ல. நாங்க நினைச்சதவிட ஜாஸ்தியாவே இருக்கு. கேரின் சொன்னது சரி.”

“அப்புறம் ஏன்?”

லினெட் அவனைப் பார்க்காமல் கேரினைப் பார்த்துப் பேசினாள். “வாரின கோட்டத் தேடிக்கிட்டு வளைக்குள்ள கைய விட்டுப் பாத்தாங்க. நிறைய மனைல வளைக்குள்ள விஷம் கலந்த கோதுமை இருந்துது. உங்க மனைல இல்ல. மேட்ட மறைச்சவங்க கொஞ்சம் பேரு, எலியவே முடிச்சுடலாம்னு இறங்கினவங்க கொஞ்சம் பேரு. சட்டம் வரும்கற பேச்சுக்கே இவ்ளோன்னா, சட்டம் இல்லன்னு ஆனா அந்த எலிக்கு யாரு இருக்கா? நீ மட்டும் வந்து சொல்லலன்னா அந்தக் கோதுமைய யாரும் பாத்திருக்க மாட்டோம்.”

காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டு லினெட் போனாள். அவள் வண்டி சேற்றில் திரும்பும் சத்தம் அடங்கியது. பிறகு வேட் சிரித்தான். கசந்த சிரிப்புத்தான், ஆனால் சிரிப்பு.

“நான் வாரினேன், நீ போய்ச் சொன்ன. நாம ரெண்டு பேரும் சேந்து கட்டின மொத வீடு எலிக்குத்தான் கேரி.”

அவளால் சிரிக்க முடியவில்லை. கண்ணீர் வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. தவறான முடிவாக இருந்தால் அலுவலகத்தைத் திட்டலாம், லினெட்டைத் திட்டலாம். திட்டுவதற்கு ஆள் கிடைத்தால் பாதி துக்கம் இறங்கிவிடும்.

“உண்மையச் சொல்லு,” என்றான் வேட். “சரியான முடிவா இது?”

இல்லை என்று சொல்லிவிட ஆசையாக இருந்தது. “சரியான முடிவுதான்.”

அவன் தலையை ஆட்டினான். தன் மரம் தார்ப்பாய்க்கடியில் கிடக்கும் பக்கம் அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

“அப்போ வீடு இல்லன்னு ஆச்சு. பிள்ளைக்கு மட்டும் எதுக்குடி இன்னும் காத்திருக்கோம்?”

“இனிமே காத்திருக்க வேண்டாம்,” என்றாள் கேரின்.