ஐஸில் வைக்காத ரத்தம்

சிப்பிக்கு ரத்தம் உண்டு என்றால் பலர் நம்புவதில்லை. தண்ணீர் போல நிறமில்லாமல் இருக்கும். அதிலுள்ள அணுக்கள்தான் அந்த வாயில்லாப் பிராணிக்குக் காவல். கிருமி நுழைந்தால் சூழ்ந்து விழுங்கும். காயம் பட்டால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு அடைக்கும். அந்த ரத்தத்தை எடுத்து எண்ணுவதுதான் அவள் வேலை. ஆய்வுக்கூடத்துக் காவலாளி அவளை ஊசி டாக்டர் என்பார். அவளிடம் வந்த நோயாளிகளில் ஒருவர்கூட அழுததில்லையாம்.

அன்று காலை வந்த பெட்டியின் மேல் அக்காள் கணவரின் பெயர் எழுதியிருந்தது.

அக்கா பதினோரு வருடம் அவருடைய சிப்பிப் படுகையில் இடுப்பளவு தண்ணீரில் நின்றவள். ஓடு கிழித்து வலக்கையில் சீழ் வைத்தது. மூன்று விரல்கள் மடங்காமல் போயின. கை விளங்காதவளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று, ஒரே ஒரு பையோடு தங்கை வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார் அவர். வருடம் திரும்புவதற்குள் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டார். அக்காவுக்குத் தலை பின்னத் தங்கைதான் வேண்டும். தினமும் பிரார்த்தனை செய்கிறவள் இந்தத் தங்கை. தினமும் பின்னல் போடும்போது அந்த மனிதரைச் சபிப்பதும் அதே வாய்தான்.

இப்போது அவருடைய பிழைப்பு அவள் மேசை மேல் இருந்தது. பக்கத்துப் படுகைகளில் நோய் கண்டிருந்தது. இவருடைய சிப்பிகளிலும் ரத்த அணுக்கள் குறைந்திருந்தால் படுகை முழுவதையும் அள்ளி அழிக்க வேண்டும் என்று மீன்வளத் துறை சொல்லியிருந்தது.

அவரை அழிக்க அவள் எதையும் கலக்க வேண்டியதில்லை, பொய் எழுத வேண்டியதில்லை. எடுத்த ரத்தத்தை உடனே ஐஸில் வைக்காமல் விட்டாலே போதும். காயம் பட்டுவிட்டது என்று நினைத்து அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். கட்டியை எண்ண முடியாது. தனித்தனியாக நிற்கும் கொஞ்சத்தை எண்ணினால் நோஞ்சான் சிப்பி என்றே கணக்கு வரும்.

பெட்டியில் நாற்பது சிப்பிகள். இருபது போதும். ஓட்டின் விளிம்பை அரத்தால் தேய்த்து, ஓட்டை இழுத்து மூடும் தசையில் ஊசி இறக்கி, பதறாமல் இழுத்தாள். இருபது குழாய்களையும் ஜன்னலோரம் வெயிலில் வரிசையாக வைத்தாள். கால் மணி நேரம் கழித்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது அணுக்கள் கொத்துக் கொத்தாகக் கிடந்தன. அக்காவுக்கு இந்தக் காட்சியைக் காட்ட முடியவில்லையே என்றுதான் வருந்தினாள்.

பெட்டி கொண்டுவந்தவரிடம் கையெழுத்து வாங்க வெளியே வந்தாள். பெஞ்சில் அக்காள் கணவர் இல்லை. அவர் கட்டிக்கொண்டவள் உட்கார்ந்திருந்தாள். விரல்களில் துணி சுற்றியிருந்தது. இப்போது படுகையில் ஓடு தேய்ப்பது அவள்போலும். எழுந்து நின்றாள். முடிவைப் பற்றிக் கேட்பாள் என்று இவள் காத்திருந்தாள்.

"அக்காவுக்குக் கை இப்ப கொஞ்சமாச்சும் மடங்குதா?"

அந்த வீட்டிலிருந்து ஆறு வருடத்தில் வந்த முதல் விசாரிப்பு அது.

"அவரு பேச விடமாட்டாரு," என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. "வெந்நீர்ல உப்புப் போட்டு முக்கி எடுத்தா எனக்குக் கேக்குது. அதைச் சொல்லலாம்னுதான் பெட்டியை நானே தூக்கிட்டு வந்தேன்."

கையெழுத்து வாங்காமலே இவள் உள்ளே போனாள். அந்த மனிதர் மேல் இருந்த கோபம் இம்மியும் குறையவில்லை. ஆனால் படுகையை அழித்தால் இந்தத் துணி சுற்றிய விரல்களும்தான் தெருவில் நிற்கும். இருபது குழாய்களையும் தொட்டியில் கொட்டினாள். மிச்சமிருந்த இருபது சிப்பிகளையும் எடுத்து முதலிலிருந்து தொடங்கினாள். இம்முறை ஒவ்வொரு குழாயும் நேராக ஐஸுக்குள் போனது. அணுக்கள் ஏராளமாக இருந்தன. கிருமியைக் காட்டினால் கபக்கென்று விழுங்கின. திடமான சிப்பிகள். அப்படித்தான் எழுதினாள்.

மாலை அவரே வந்தார். கண்ணாடிக்கு அப்பால் அவளை அடையாளம் கண்டு முகம் வெளுத்தது. தாளை நீட்டினாள்.

"படுகைக்கு ஒண்ணும் இல்ல, மாமா. முதல்ல எடுத்த ரத்தத்தை வெயில்ல வெச்சு நான்தான் கெடுத்தேன். உங்களை நாசமாக்கணும்னுதான்."

அவர் வாயைத் திறந்தார்.

"மேலதிகாரிகிட்ட சொல்லணும்னா சொல்லுங்க, நானும் ஒத்துக்குவேன். உங்களுக்காக நான் மாத்தல. உங்க வீட்டுக்காரி அக்கா கையைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டா. அந்த ஒரு வார்த்தையிலதான் உங்க படுகை நிக்குது. இனிமே தண்ணியில இறங்கும்போதெல்லாம் அது உங்களுக்கு ஞாபகம் வரணும்."

கடவுள் இதையும் பழி என்று எழுதிக்கொள்வாரோ என்னவோ. அவள் அளவுக்கு அது போதுமானதாக இருந்தது.

அவர் தாளோடு வெளியே போனார். காலையிலிருந்து பெஞ்சில் காத்திருந்தவள் என்ன சொன்னார்கள் என்று கேட்பது உள்ளே வரை கேட்டது. மறுபடி கேட்டாள். அவர் அவளுடைய விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.