துப்பாக்கி விஷயமா

சேக்காட்டில் குடியிருக்கும் அப்பாவு இறந்துபோய்விட்டார் என்ற செய்தி அப்பாவுக்கே தெரியவந்தது 1988 ஜூன் மாதம் பதினாறாம் தேதி, காலை பத்தரை மணிக்கு. சொன்னவர் காவல் நிலையத்து ரைட்டர். கோப்பைப் புரட்டி ஒரு தாளில் விரலை வைத்து, தலை நிமிராமல் படித்தார். மனுதாரர் மேற்படி முகவரியில் வசிக்கவில்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்ததில் வேம்புலி என்பவர் அப்படியொரு பெயரே கேள்விப்பட்டதில்லை என்றும், துலுக்கானம் என்பவர் அவர் இரண்டு வருடம் முன்பே ஊரை விட்டுப் போய்விட்டதாகவும், ராணி என்பவர் இறந்துவிட்டதாகவும் கூறினர்.

பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்ற அப்பாவு, ரைட்டர் மேசைக்கு முன்னால் விறைப்பாக நின்றபடி இதைக் கேட்டார். மூன்று பேரையும் அவருக்குத் தெரியும். வேம்புலி அடுத்த வீடு. துலுக்கானம் எதிரே சைக்கிள் கடை. ராணியின் கடையில் அன்று காலைதான் நாலு இட்லி தின்றிருந்தார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வங்கிக் கிளைக்குக் கன்மேன் வேலைக்கு அவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஒரே நிபந்தனை, துப்பாக்கி சொந்தமாக இருக்க வேண்டும். அதற்கான லைசென்சை ஜூன் முப்பதுக்குள் காட்டாவிட்டால் வேலை பட்டியலில் இரண்டாவதாக இருக்கும் பருத்திப்பட்டுக்காரருக்குப் போய்விடும். காஞ்சிபுரம் கலெக்டர் ஆபீசுக்கு மூன்று முறை அலைந்து எல்லாத் தாளும் சேர்த்தாயிற்று. பாக்கி போலீஸ் அறிக்கை மட்டும்தான். அது இதோ, அவரைச் சாகடித்துவிட்டு மேசைமேல் கிடந்தது.

ரைட்டர் நல்ல மனிதர். எதிரே நிற்கும் ஆள் உயிரோடிருப்பது அவருக்கும் தெரிந்தது. ஆனால் எழுதினது எழுதினதுதான் என்றார். அறிக்கை நாளைக் காலைத் தபாலில் போகிறது. இன்று ஐந்து மணிக்குள் அந்த மூன்று பேரும் நேரில் வந்து வேறு மாதிரி எழுதிக் கொடுத்தால் இன்ஸ்பெக்டர் மாற்றிக் கையெழுத்துப் போடலாம். ஐந்துக்கு மேல் அவர் பந்தோபஸ்துக்குக் கிளம்பினால் திரும்ப ஒரு வாரம் ஆகும்.

அப்பாவு சைக்கிளை மிதித்த மிதியில் செயின் இரண்டு இடத்தில் கழன்றது.

துலுக்கானம் கடையில் மூன்று பேரையும் சேர்ப்பதற்குள் மணி மூன்றாகிவிட்டது. இரவு ஷிப்டு முடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்த வேம்புலியைத் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது. யார் முகத்திலும் குற்றம் செய்த களை இல்லை. எப்போது நன்றி சொல்லப்போகிறார் என்று காத்திருப்பவர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள்.

"மஃப்டில வந்தான் மாமே," என்றார் துலுக்கானம். "சொக்கா வேற, பூட்சு அதே. அப்பாவு ஊடு எதுன்னான். இன்னா விஷயம்னேன். துப்பாக்கி விஷயமான்னான்." கொஞ்சம் நிறுத்தி அப்பாவுவைப் பெருமையோடு பார்த்தார். "உட்ருவனா நானு?"

அந்தத் தெருவுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஏரிப் பாசனத்தில் கூலி வேலை செய்த காலத்திலிருந்து வருவது. காக்கி வந்து ஒருவன் பெயரைச் சொல்லிக் கேட்டால், அவன் இல்லை. எங்கே என்று கேட்டால் தெரியாது. காக்கியைக் கழற்றிவிட்டு வந்து கேட்டால் இன்னும் தெரியாது. அதிலும் துப்பாக்கி என்ற சொல் காதில் விழுந்தபின் மூன்று பேரும் ஒருவரையொருவர் மிஞ்சப் பார்த்திருக்கிறார்கள்.

"இவுங்க ரெண்டு பேரு சொன்னதுக்கு அவன் திரும்பி வந்துருப்பான் அண்ணாத்தே," என்றாள் ராணி. "தெரியாதுன்னா நாளைக்கி வருவான். ஊர்ல இல்லன்னா அடுத்த வாரம் வருவான். அதான் நான் ஒரேடியா முடிச்சிட்டேன்."

அப்பாவுக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். சிரிப்பு வந்துவிட்டது. லைசென்ஸ் விஷயத்தைத் தெருவில் யாரிடமும் சொல்லாமல் வைத்தது அவர்தானே. கைக்கு வருவதற்குள் வெளியே தெரிந்தால் கண்ணு பட்டுவிடும் என்று மனைவி சாமுண்டீஸ்வரி வாயில் விரல் வைத்துச் சொல்லியிருந்தாள். துப்பாக்கியைப் பூட்டி வைக்க நீளமாக ஒரு பெட்டி செய்து வந்தபோதுகூட இருவரும் மூச்சு விடவில்லை.

இப்போது எல்லாவற்றையும் சொன்னார். கேட்டுவிட்டுத் துலுக்கானம் தலையைச் சொறிந்துகொண்டார். பிறகு, "அந்தப் பொட்டிய நான் நாயனம்னு நெனச்சிகினு கீறேன். நீ எப்ப வாசிக்கப்போறேன்னு எம் பொண்டாட்டி தெனம் கேக்குது," என்றார். அவர் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது.

நிலையத்துக்கு வர வேண்டும் என்றதும்தான் முகங்கள் மாறின. மூவரில் ஒருவரும் அந்தப் படியை மிதித்ததில்லை.

"பொய் சொன்னதுக்கு எங்கள உள்ள வெச்சிட்டான்னா?" என்று கேட்டான் வேம்புலி.

அப்பாவு யோசித்தார். "தெரியலப்பா," என்றார்.

அந்தப் பதிலுக்குப் பிறகு மணி மூன்றே முக்கால் வரை யாரும் அசையவில்லை. ராணிதான் எழுந்துபோய்த் தன் கடை அடுப்பில் தண்ணீர் ஊற்றினாள். "சாவடிச்சவ நானு. நானே எழுப்பிட்டு வரேன்," என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள். மற்ற இருவரும் பின்னால் கிளம்பினார்கள். அவர்களைப் பார்த்துப் பக்கத்து வீடுகள் கிளம்பின. தெருமுனை தாண்டும்போது இருபத்து மூன்று பேர். சாட்சிக்கு இருக்கட்டும் என்று வேம்புலி பெட்டியையும் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான்.

ரயில்வே கேட் போட்டிருந்தது. மணி நாலேகால். எல்லாரும் வழக்கம்போலக் கம்பிக்கு அடியில் குனியப் போனார்கள். அப்பாவு இரண்டு கையையும் விரித்துத் தடுத்தார். லைசென்ஸ் கேட்டுப் போகிறவன் கேட்டுக்கு அடியில் குனியக் கூடாது என்றார். ஒரு மின்சார ரயில் போயிற்று. கேட் திறக்கவில்லை. எதிர்த் திசையில் இன்னொன்று வரும்வரை இருபத்து மூன்று பேரும் அவரைத் திட்டிக்கொண்டே நின்றார்கள். திறந்ததும் ஓடினார்கள்.

இன்ஸ்பெக்டர் ஜீப்பில் ஒரு காலை வைத்திருந்தார். கூட்டத்தையும் அதன் நடுவே தோளில் வந்த நீளப் பெட்டியையும் பார்த்து, "என்னய்யா, மறியலா?" என்றார்.

"சாட்சி சார்," என்றார் அப்பாவு, மூச்சு வாங்க.

உள்ளே ரைட்டர் தாளை எடுத்து நீட்டினார். இன்ஸ்பெக்டர் படித்துவிட்டு ராணியை முன்னால் வரச் சொன்னார். "இவர் செத்துட்டார்னு நீ சொன்னியா?"

"ஆமா சார்."

"இப்ப?"

"இப்ப உயிரோட கீறாரு சார்."

ரைட்டர் கோப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. பொய் சொன்னால் என்ன ஆகும் தெரியுமா என்று மூவரையும் கேட்டார். தெரியாது என்றார்கள். அதுவாவது நிஜம் என்று எல்லாருக்கும் புரிந்தது. பிறகு அவர் அப்பாவு பக்கம் திரும்பி, துப்பாக்கியை எங்கே வைப்பீர் என்று கேட்டார். வேம்புலி பெட்டியை மேசைமேல் இறக்கினான். இரண்டு பூட்டு. உள்ளே சிவப்பு வெல்வெட். தோட்டாவுக்குத் தனி அறை, அதற்கு ஒரு சின்னப் பூட்டு. பொருள் மட்டும் இல்லை.

"துப்பாக்கி எங்கய்யா?"

"லைசென்ஸ் இல்லாம எப்படி சார் வாங்கறது?" என்றார் அப்பாவு.

இன்ஸ்பெக்டர் காலிப் பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். மூன்று பேரும் புதிதாகச் சொன்னதை ரைட்டர் எழுதினார். துலுக்கானம் கையெழுத்துப் போட்டார், வேம்புலி போட்டான், ராணி கட்டைவிரலை நீலமாக்கிக்கொண்டாள். சுவர்க் கடிகாரத்தில் ஐந்தாக நாலு நிமிடம்.

இருபத்தெட்டாம் தேதி லைசென்ஸ் புத்தகம் கையில் வந்தது. அடுத்த நாளே மவுண்ட் ரோடு கடையில் ஒற்றைக் குழல் துப்பாக்கி ஒன்றை வாங்கி, அதன் எண்ணை நிலையத்தில் பதிந்துவிட்டுத்தான் அப்பாவு வீட்டுக்குக் கொண்டுபோனார். முப்பதாம் தேதி வங்கியில் எல்லாவற்றையும் காட்டினார். ஆர்டர் வீட்டுக்கு வரும் என்றார்கள்.

இரண்டு நாள் கழித்து, பேன்ட்டும் பளபளப்பான கறுப்புப் பூட்சும் போட்ட ஒருவன் சைக்கிளில் தெருவுக்குள் நுழைந்தான். கையில் நீளமான காகித உறை. துலுக்கானம் கடை முன்னால் காலை ஊன்றி, இங்கே அப்பாவு என்று யாராவது இருக்கிறார்களா என்று கேட்டான்.

துலுக்கானம் அவன் பூட்சைப் பார்த்தார். எதிரே ராணி கரண்டியைக் கீழே வைத்தாள். வேம்புலி வீட்டுக் கதவு திறந்தது.

"இன்னா விஷயமா?"

"துப்பாக்கி விஷயமா. பேங்க்லேர்ந்து."

துலுக்கானம் எழுந்து, கையில் இருந்த பஞ்சர் ரப்பரைக் கீழே போட்டுவிட்டு, அந்த சைக்கிளின் ஹேண்டில்பாரைத் தானே பிடித்துத் திருப்பினார்.

"வா நைனா, நானே காட்றேன். உயிரோடதான் கீறாரு."

அவன் விழித்தான். தெருவே அவன் பின்னால் நடந்தது.