ஷேர் ஆட்டோவில் எட்டாவது ஆள்

காரும் லாரியும் செய்கிற ஒரகடத்தில் நாங்கள் மரப் பொம்மை செய்கிறோம். அதுவும் வண்டிதான். மரத்தில் ஒரு ஷேர் ஆட்டோ, அதற்குள் நெருக்கி உட்கார எட்டுப் பேர். வெப்பாலைக் கட்டையைக் கடைசல் மிஷினில் மாட்டிச் சுழலவிட்டு, உளியால் ஆள் உருவம் எடுக்க வேண்டும். சுழலும்போதே அரக்குக் குச்சியை அழுத்தினால் உரசும் சூட்டில் உருகிச் சட்டையும் புடவையும் வந்துவிடும். பழைய கைவேலைதான். அதை ஷேர் ஆட்டோவில் ஏற்றியது சுப்ரஜா மேடம். ஸ்ரீபெரும்புதூர்ப் பெண், டிசைன் படித்தவர், இந்த ஷெட்டை நடத்துபவர்.

கடைவது நான். அதற்கு முன் பதினோரு வருடம் ஒரு பார்ட்ஸ் கம்பெனியின் பேக்கிங் லைனில் நின்றேன். நின்றேன் என்றால் நின்றேன்தான், எட்டு மணி நேரமும். இங்கே ஸ்டூல் உண்டு. என் முட்டியைக் கேட்டால், உலகத்தில் இதைவிடப் பெரிய கம்பெனி கிடையாது என்று சொல்லும்.

அளவு பார்ப்பது வசந்தகுமார். கார் கம்பெனியில் குவாலிட்டியில் இருந்தவன். ஒவ்வொரு பொம்மைக்கும் தலை, கழுத்து, இடுப்பு மூன்றையும் வெர்னியர் அளவுகோலில் அளந்துவிட்டுத்தான் பெட்டியில் போடுவான்.

முதல் பெரிய ஆர்டர் சென்னையில் பொம்மைக் கடை வைத்திருக்கும் சந்திரலேகா கொடுத்தது. ஐம்பது ஆட்டோ. சரக்கைப் பார்க்க நேரிலேயே வந்துவிட்டார். மேஜையில் பன்னிரண்டு பொம்மைகளை வரிசையாக நிறுத்தி, குனிந்து பார்த்தார்.

"எதை வேணா எடுத்து அளந்து பாருங்க மேடம். பாயின்ட் டூ மில்லி கூட வித்தியாசம் வராது" என்றான் வசந்தகுமார், கல்யாண வீட்டுக்காரன் மாதிரி.

"அதுதான் பிரச்சினை. கையால செஞ்சதுன்னு சொல்லி நான் விக்கணும். இத மிஷின்ல அச்சடிச்சதுன்னுதான் சொல்லுவாங்க. பத்து நாள் டைம் தரேன், மாத்திச் செய்ங்க."

அவர் கார் கேட்டைத் தாண்டியதும் சுப்ரஜா மேடம் சொன்னார்: "இந்த ஆர்டர் போச்சுன்னா மாசக் கடைசில ஷெட்டைக் காலி பண்ணிடுவேன் அக்கா. வேற வழியில்ல."

என் முட்டி அப்போதே வலிக்க ஆரம்பித்தது.

"இன்னா அநியாயம் இது, ஒழுங்கா செஞ்சா ரிஜெக்ட்டா?" என்று வசந்தகுமார் அன்று முழுக்கப் புலம்பினான்.

மறுநாள் ஒன்றுக்கொன்று வேறாகச் செய்யலாம் என்று உட்கார்ந்தேன். கை கேட்கவில்லை. குண்டாக ஒருத்தி என்று நினைத்து உளியை வைப்பேன். வசந்தகுமார் அளப்பான். "இடுப்பு இருபத்தி ரெண்டு. பழசு மாதிரியேதான் கீது." இடது கையால் பார்த்தேன், இரண்டு கட்டை உடைந்தது. கண்ணை மூடிப் பார்த்தேன்.

"அக்கா, கண்ணத் தொற. வெரலு போச்சுன்னா ரிப்போர்ட் நான்தான் எழுதணும்."

மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் என் டப்பாவை எட்டிப் பார்த்தான். "இந்தக் காரக்கொழம்ப கார் கம்பெனிக்குக் குடுத்தா, துரு எடுக்க வாங்கிப்பான்க்கா."

டப்பாவை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். சாப்பிட்டுவிட்டுப் போய் மோட்டாரைப் போட்டேன். கழுத்து தோளுக்குள் இறங்கி, இடுப்பு அகன்று, சண்டைக்கு எழுந்திருக்கப் போகிறவள் மாதிரி ஒருத்தி வந்தாள். வசந்தகுமார் இரண்டு தடவை அளந்தான்.

"அக்கா, கோவமா கீறியா?"

"இல்ல."

"கீற. நாலு மில்லி கீற."

அன்றைக்கே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். "மாமா உன்னப் பொண்ணு பாக்க வந்தப்ப கரன்ட் இல்லியாமே" என்றான். கட்டையிலிருந்து நெட்டையாக ஒருத்தன் வந்தான். "கம்பெனி பஸ்ல சீட்டுக்கு டிபன் பைய ஜன்னல் வழியா வீசுவியாமே, ஒரு தடவ சூப்பர்வைசர் மண்டைல விழலே?" என்றான். எனக்குச் சிரிப்பு வந்து ஒருத்திக்குக் கொண்டை பெருத்துவிட்டது.

சுப்ரஜா மேடம் எட்டிப் பார்த்தார். "ஏன் ரெண்டு பேரும் சண்டை போடறீங்க?"

"சண்டை இல்ல மேடம். புரொடக்ஷன்" என்றான்.

பத்தாம் நாள் சந்திரலேகா வந்தார். கைக்குக் கிடைத்த எட்டுப் பேரை எடுத்து ஓர் ஆட்டோவில் உட்கார வைத்தார். ஏழு பேர் உட்கார்ந்தார்கள். காரக்குழம்புக்காரிக்கு இடம் போதவில்லை. பாதி உடம்பு வெளியே தொங்கியது. ஆட்டோவை நாங்கள் இருபத்தி இரண்டு இடுப்புக்குத்தானே செய்திருந்தோம். வசந்தகுமார் தரையைப் பார்த்தான்.

"இது உள்ள போகாதா?" என்றார் சந்திரலேகா.

"போகாதும்மா" என்றேன். " சிங்கப்பெருமாள் கோவில்ல ஷேர் ஆட்டோ ஏறிப் பாருங்க. எட்டாவது ஆளு எந்த ஆட்டோலயும் முழுசா உக்காந்தது இல்ல."

அவர் அந்தப் பொம்மையை விரலால் தட்டினார். அது விழவில்லை, ஆடியது. மெதுவாகச் சிரித்தார். ஐம்பதையும் எடுத்துக்கொண்டு, இன்னும் இருநூறு கேட்டார்.

மறுநாள் வசந்தகுமார் நோட்டோடு வந்தான். நம்பர் போட்டு நாற்பது வசவு எழுதியிருந்தான். ஒன்றிலிருந்து வாசித்தான். நான் கடைந்தேன். எல்லாம் இருபத்தி இரண்டு.

"லிஸ்ட் போட்டுத் திட்டினா ரோசம் வராது தம்பி."

நோட்டை மூடினான். தலையைச் சொறிந்தான்.

"ஒண்ணு சொல்லட்டா? அந்தம்மா ஆர்டர் குடுத்தது உன் கைவேலைக்கு இல்லக்கா. நான் திட்டினதுக்கு."

உளியை அழுத்தினேன். அடுத்து வந்தவனுக்குக் கழுத்தே இல்லை.